குட்டியைத் தூக்கும் முன் ஒரு நிமிஷம்

இன்டர்னல்ஸ் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ரூமுக்குத் திரும்புகிறீர்கள். பைக் நிறுத்தும் இடத்தில், யாரோ கழற்றிப் போட்ட பழைய வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவில் மூன்று பூனைக்குட்டிகள். தாயைக் காணோம். இப்போ என்ன பண்ணுவீங்க?

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். ஒரு ஷூ டப்பாவில் துண்டைப் போட்டு மூன்றையும் தூக்கிக்கொண்டேன். முனையில் இருக்கும் டீக்கடையில் பால் வாங்கி, இங்க் ஃபில்லரில் எடுத்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல மல்லாக்கப் போட்டுப் புகட்டினேன். ராத்திரி முழுக்கக் கத்தின. காலையில் நண்பனின் வண்டியில் ஒரு ஷெல்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே பொறுப்பில் இருந்த அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தாய்ப்பூனைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தே தம்பி?"

காத்திருக்கவே இல்லை. அன்றைக்கு நான் செய்த ஒவ்வொரு காரியமும் தப்பு என்பது அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்தது. அப்படி ஆரம்பித்ததுதான் என் சனிக்கிழமை வாலண்டியர் வேலை. இரண்டு வருஷம் ஆகிறது. நீங்களும் ஒருநாள் அந்த வாஷிங் மெஷின் முன்னால் நிற்பீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் தாய் விஷயம். பால் கொடுக்கும் பூனை இரை தேடி மணிக்கணக்கில் வெளியே போகும். இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றும். நீங்கள் பார்ப்பது அந்த மாற்றத்தின் நடுக்கட்டமாகக் கூட இருக்கலாம். குட்டிகள் சுத்தமாக, வயிறு உருண்டையாக, அமைதியாகத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறாள். நீங்கள் நிற்கிற வரைக்கும் வரமாட்டாள், அவ்வளவுதான். தள்ளிப் போங்க. சுற்றிலும் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிவிட்டுப் போனால், திரும்பி வந்து பார்க்கும்போது காலடித் தடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உடம்பு சில்லென்று, அழுக்காக, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் மட்டுமே தூக்க வேண்டிய கேஸ். எங்கள் ஷெல்டருக்கு வரும் 'அநாதை'க் குட்டிகளில் கணிசமானவை என்னை மாதிரி நல்ல மனசுக்காரர்களால் அநாதையானவை.

சரி, தூக்கித்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பால் வாங்க ஓடாதீங்க. முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு. பிறந்து சில வாரங்கள் வரை குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் கிடந்து ஆளையே முடித்துவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி டப்பாவின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் இடம் வேண்டும். பசும்பால் வேண்டாம், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். தெனாலிராமன் பூனை பாலைக் கண்டு ஓடியதில் தப்பே இல்லை என்பது எங்கள் ஷெல்டரின் நிரந்தர ஜோக். கால்நடை மருந்துக் கடையில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. குப்புறப் படுக்க வைத்தே புகட்ட வேண்டும், மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல் மூன்று வாரம் அதுக்குத் தானாக ஒன்னுக்கு ரெண்டுக்கு வராது. தாய் நக்கிவிடுவதால்தான் வருகிறது. நமக்கு நாக்குக்குப் பதில் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சு.

இது எல்லாம் ராத்திரியிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முடியும். ஒரு வாரம் முடியாது. பொய் சொல்லவில்லை.

வயசைக் கண்டுபிடிப்பது சுலபம். கண் மூடியிருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள். காது நிமிர்ந்து நின்றால் மூன்று வாரம். கண் நீலமாகவே இருந்தால் இன்னும் ஆறு ஏழு வாரம் தாண்டவில்லை. பிறக்கும்போது எடை சுமார் 100 கிராம். தினம் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிவைப்பதுதான் வாலண்டியருக்கு முதலில் தரும் பொறுப்பு. ஒருநாள் எடை ஏறவில்லை என்றால் கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். நான் மெக்கானிக்கல். மூன்று வருஷத்தில் ஒரு ரீடிங் எடுத்து உயிர் பிழைத்ததைப் பார்த்தது அங்கேதான்.

ஷெல்டர் என்றதும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுக்கும் இடம் என்று நினைத்துப் போகிறவர்கள் இரண்டாவது வாரம் வருவதில்லை. வேலையில் முக்கால்வாசி கழுவுவது. லிட்டர் ட்ரே, கூண்டு, கிண்ணம், துண்டு, திரும்பவும் லிட்டர் ட்ரே. ஆனால் எதை வைத்துக் கழுவுகிறோம் என்பதில் வேதியியல் இருக்கிறது. நம்ம வீடுகளில் தரையைத் துடைக்கிற ஃபினாயில் பூனைக்கு விஷம். மனிதனின் கல்லீரல் பீனால் வகைப் பொருட்களுடன் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டவைத்து உடம்பைவிட்டு வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலில் அந்த நொதி மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் போதும். அதே காரணத்தால்தான் பாராசிட்டமாலும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். 'பாவம், உடம்பு சுடுது' என்று அரை மாத்திரை கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஷெல்டரில் பயன்படுத்துவது நீர்த்த ப்ளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு ப்ளீச் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, அப்புறம் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுவது. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், பேன்லுகோபீனியா என்ற பார்வோ வகை வைரஸுக்காக. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் வாந்தி, பேதி, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கொரோனா காலத்தில் எல்லோரும் சானிடைசர் பழக்கத்துக்கு வந்துவிட்டோம். அது வேலை செய்ததற்குக் காரணம் கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருப்பது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. சானிடைசரில் குளித்துவிட்டு அப்படியே இருக்கும். அறை வெப்பத்தில், துணியில், தரையில், செருப்பில் ஒரு வருஷம் வரை உயிர்ப்போடு கிடக்கும்.

புதிதாக வரும் பூனையை 14 நாள் தனி அறையில் வைப்பது இதற்காகத்தான். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் வரை ஆகும்.

எனக்கு இது தெரியும். முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை தனி அறையில் புதிதாக வந்த ஒரு குட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, அதே டீ-ஷர்ட்டோடு குட்டிகள் அறைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடினேன். யாரும் பார்க்கவில்லை. அந்தப் புதுக் குட்டி திங்கட்கிழமை செத்துப்போனது. அடுத்த வாரம் குட்டிகள் அறையில் நான்கு போயின. அதில் ஒன்று நான் ஷூ டப்பாவில் கொண்டுவந்த மூன்றில் ஒன்று.

என்னால்தான் என்று நிரூபிக்க முடியாது. வேறு வழியிலும் வந்திருக்கலாம். நானாகப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வாளியையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்து, "நாலு சுவரும், கதவுக்குப் பின்னாடியும்" என்றார். அன்றிலிருந்து மாற்றுச் சட்டை இரண்டு என் பையிலேயே இருக்கும். நீங்கள் போனாலும் எடுத்துப் போங்கள்.

கொஞ்சம் நல்ல விஷயத்துக்கு வருவோம். பெரிய பூனைகள் ஷெல்டருக்கு வந்ததும் பயத்தில் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கும். இதற்கு விலை உயர்ந்த மருந்தெல்லாம் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி போதும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஷெல்டர் பூனைகளில் ஒரு குழுவுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து 2014இல் ஆய்வு வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் நிதானத்துக்கு வந்தன. உங்க ரூமில் கிடக்கும் டெலிவரி அட்டைப்பெட்டிகளை மடித்துக் கொண்டுபோனால் அதுவே பெரிய நன்கொடை. இன்னொன்று கண் சிமிட்டுவது. பூனையை முறைத்துப் பார்த்தால் அதுக்கு அது சவால். பாதிக் கண்ணை மூடி மெதுவாகச் சிமிட்டினால் பதிலுக்கு அதுவும் சிமிட்டும். சும்மா கதை என்று நினைத்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து 2020இல் கட்டுரையே போட்டிருக்கிறார்கள். ஒரு கடுவன் பூனை எனக்குத் திருப்பிச் சிமிட்ட ஐந்து சனிக்கிழமை எடுத்துக்கொண்டது.

அது வரைக்கும் பிறாண்டல் நிச்சயம். பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். வாட்ச்சைப் பார்த்துக் கழுவுங்க, 15 நிமிஷம் ரொம்ப நீளம். அன்றைக்கே குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கோ போய் ரேபிஸ் ஊசி. 'வீட்டுப் பூனைதானே' என்று விடாதீர்கள். பூனைக்கும் ரேபிஸ் வரும், மனிதனுக்கு வந்தபின் அநேகமாகப் பிழைப்பதில்லை. தொடர்ந்து போகப்போகிறீர்கள் என்றால் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

வீட்டில் அம்மா கேட்கப்போவது வேறு: முடி பட்டா ஆஸ்துமா வருமே? அலர்ஜி தருவது முடி அல்ல, எச்சிலில் இருக்கும் ஒரு புரதம். நக்கும்போது அது முடியில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே வீசிங் உள்ளவர்கள் நிஜமாகவே யோசிக்க வேண்டும். மற்றவர்கள் வந்ததும் குளித்துத் துணி மாற்றினால் போதும்.

கருத்தடை பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரு பெண் பூனையும் அதன் வாரிசுகளும் ஏழு வருஷத்தில் 4,20,000 குட்டி போடும் என்று ஒரு போஸ்டர் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நம்ம ஆட்கள் கால்குலேட்டரை எடுங்கள். எந்தக் குட்டியும் சாகாது என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணிதத் துறையினர் நடைமுறைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டபோது வந்தது 100 முதல் 400 வரைதான். மீதி எங்கே போயிற்று? அமெரிக்காவில் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில் 169 குட்டிகளில் 127 ஆறு மாதத்துக்குள் இறந்தன அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று. போஸ்டரில் இருக்கும் பெரிய எண்ணைவிட இதுதான் எனக்கு உறைத்தது. நாம் பார்க்கும் பூனைகள் மிஞ்சியவை. நான்கு மாதத்திலேயே சினைப்பிடிக்கும், ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும் ஒரு பிராணிக்கு ஒரே ஒரு ஆபரேஷன் இத்தனை சாவுகளைக் குறைக்கிறது.

இந்த விஷயத்தில் சென்னைக்கு வரலாறு உண்டு. கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1960களிலேயே பேசியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. 1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு முன்னோடியாக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல்தான். புளூ கிராஸ் இருப்பது கிண்டி வேளச்சேரி சாலையில். நம்ம ஏரியாவிலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று நேராகப் போக வேண்டியதுதான். தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் கிண்டி இறங்கியும் போகலாம். எங்கே போவதாக இருந்தாலும் முன்கூட்டியே பேசி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். நண்பர்கள் பத்துப் பேரோடு திடீரென்று நுழையாதீர்கள். பூனைகள் அலமாரிக்கு மேல் ஏறிவிடும், அன்றைக்குப் பூரா இறங்காது. தேர்வு நேரத்தில் வரமுடியாது என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். நவம்பர், டிசம்பரில்தான் நமக்கு செமஸ்டர், அப்போதுதான் மழையும். தண்ணீர் புகுந்த வீடுகளிலிருந்து குட்டிகள் வந்துகொண்டே இருக்கும் மாதங்களில் ஆள் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மீதி இரண்டு குட்டிகளைக் கேட்டீங்கன்னா, சாம்பல் நிறத்ததைச் சேலையூரில் ஒரு குடும்பம் ஒரே மாதத்தில் தத்தெடுத்துக்கொண்டது. கறுப்பை எடுக்க எட்டு மாதம் யாரும் வரவில்லை. குறுக்கே போனால் ஆகாதாம். கடைசியில் ஒரு ஆட்டோ ஓட்டும் அண்ணன் வந்து, "என் வண்டியும் கறுப்புதான்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்.

தாய் அதே பைக் ஸ்டாண்டில்தான் இருந்தாள். நான் குட்டிகளைத் தூக்கிய ராத்திரி வந்து தேடியிருக்கிறாள், வாட்ச்மேன் தாத்தா பிறகு சொன்னார். கூண்டில் மத்தி மீன் வைத்து மூன்று நாள் முயற்சி செய்து பிடித்தோம். கருத்தடை முடிந்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டோம். இப்போது என் பைக் சீட்டில்தான் தூக்கம். சீட் கவர் மூணு தடவை மாத்தியாச்சு.