கல்லிடைக் கிடந்த காசு

சுவீடன் நாட்டின் தென்கோடியில் ஸ்கோனே என்னும் பகுதி உளது. அங்குள்ள ஈவோ ஏரியின் நடுவே ஒரு தீவும், அத்தீவில் பழைய சுண்ணப் படிவுகளும் உள்ளன. அப்படிவுகளில் விரல் நகத்தளவான வட்ட வில்லைகள் பல கிடைத்து வந்தன. வில்லையின் உட்புறத்தில் இரு கண்குழிகளும், அவற்றின் கீழே மூக்கும் வாயும் போன்ற வடுக்களும் காணப்பட்டன. முகம் பொறித்த பழங்காசுகள் போலத் தோன்றிய இவற்றை மக்கள் 'பிராட்டிங்ஸ்போர்க் காசு' என வழங்கினர்.

1732 ஆம் ஆண்டில் கிலியன் ஸ்டோபேயஸ் என்னும் அறிஞர் இக்காசு குறித்து ஓர் ஆராய்ச்சியுரை வரைந்தார். அவரிடம் பயின்ற லின்னேயஸ், 1758 இல் இதனை அனோமியா என்னும் சிப்பியினத்தில் சேர்த்து, மண்டையோட்டை நினைவூட்டும் பெயரொன்றைச் சூட்டினார். 1781 இல் ரெட்சியஸ் என்பவர் இதற்குக் 'கிரேனியா' எனத் தனிப் பெயரிட்டார். எனினும் இது சிப்பியும் அன்று. பிராக்கியோபோடு என்னும் வேறொரு கடலுயிரின் ஓடு.

இரண்டு ஓடுகளுக்கிடையே வாழ்வதால் பிராக்கியோபோடு சிப்பியைப் போலத் தோன்றும். ஆயின், மட்டியின் ஓடுகள் உடலின் இடப்புறமும் வலப்புறமும் அமைந்தவை. புத்தகத்தின் இரு அட்டைகள் போலப் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பிராக்கியோபோடின் ஓடுகளோ மேலும் கீழும் அமைந்தவை, ஒன்றையொன்று ஒவ்வா. ஆனால் ஓர் ஓட்டின் நடுவே கோடு கிழித்தால், இடப்பாதியும் வலப்பாதியும் மனித முகம் போல ஒத்து நிற்கும். காசில் முகம் தெரிந்ததற்குக் காரணமும் இதுவே. ஓடுகளைத் திறந்து மூடும் தசைகள் பற்றியிருந்த இடங்களே கண்களாகத் தோன்றிய குழிகள்.

பிராக்கியோபோடுகளுள்ளும் கிரேனியா விந்தையானது. சீமைச்சுண்ணாம்புப் பாறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பிற இனங்களில், ஓட்டின் அலகு போன்ற நுனியில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே நீளும் காம்பினால் அவ்வுயிர் பிடிப்புக் கொள்ளும். கிரேனியாவுக்குக் காம்பும் இல்லை, துளையும் இல்லை. கீழோட்டையே கல்லிலோ வேறோர் ஓட்டிலோ ஒட்டவைத்து வாழ்வது அதன் இயல்பு. ஓடுகளைக் கோக்கும் பற்களும் அதற்கு இல்லாமையால், உயிர் நீங்கியதும் அவை எளிதிற் பிரிந்துவிடும். ஈவோவில் கிடைத்தவை தனித்தனி வில்லைகளாக இருந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

ஒட்டி வளரும் ஓடு, தான் பற்றிய பொருளின் மேடுபள்ளங்களுக்கேற்ப வடிவம் மாறும். ஆதலின் புறவடிவை மட்டும் நோக்கி இனத்தை முடிவு செய்பவர் ஏமாறுவர். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து குறித்தபின், உட்புறத்தைத் தூய்மை செய்து தசை வடுக்களை நோக்குதல் வேண்டும். மென்மையான சீமைச்சுண்ணாம்பை நீரும் மெல்லிய தூரிகையுமே அகற்றிவிடும். அவசரப்பட்டு ஊசியால் சுரண்டினால், தேடிய வடுவே அழிந்து போகும்.

இவ்வினத்தின் உறவினம் ஒன்று இன்றும் ஐரோப்பியக் கடல்களில் பாறைகளை ஒட்டி வாழ்கின்றது. கூம்பு போன்ற அதன் மேலோட்டை நோக்கிய மியுல்லர், 1776 இல் அதனை ஒற்றையோட்டு நத்தையினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். உயிரோடிருந்த உறவினமும் அறிஞரை ஏமாற்றியது என்பது வேடிக்கையே.

இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளில் கடல்முள்ளெலியின் ஓடுகள் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றின்மீது கிரேனியாவின் இனத்தவை ஒட்டியிருக்கக் காணலாம். உயிருள்ள கடல்முள்ளெலியின் உடல் முட்களால் மூடப்பெற்றது. முட்கள் உதிர்ந்த பின்னரே அதன் ஓட்டில் இவை தங்க இயலும். நுண்ணிய பாசிகளின் தகடுகள் வீழ்ந்து உருவான அச்சேறு, ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் அளவே உயர்ந்தது. இறந்த கடல்முள்ளெலி புதையாமல் கிடந்த அவ்விடைக்காலத்தில் கிரேனியாவின் இளவுயிர் அதன்மேல் அமர்ந்து, வளர்ந்து முதிர்ந்தது. வெண்சேறு பரந்த அக்கடல் தரையில், ஒட்டி வாழ்வதற்கேற்ற உறுதியான இடம் அதற்கு வேறு அதிகம் இல்லை.