இரண்டு கேபிள், ஒரே பாதை!

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போக இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று, கடலோரமாக மரக்காணம், மாமல்லபுரம் வழியாகச் செல்கிறது. மற்றொன்று, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் செல்கிறது.

பொங்கல் கூட்டம் முழுவதும் ஒரே சாலையில் போனால் என்ன ஆகும்? வண்டிகள் எறும்பு போல் ஊரும். இரண்டிலும் பிரிந்து போனால் நெரிசல் குறையும். ஒரு சாலையை வெள்ளம் மறித்தாலும், மறு சாலையில் பஸ் ஓடும்.

கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிளிலும் இதே தந்திரம் உண்டு.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கட்டிடத்தில் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. அடுத்த கட்டிடத்தில் டாக்டர் இருக்கிறார். கட்டிடத்துக்கு ஒரு 'ஸ்விட்ச்' உண்டு. (விளக்கு போடும் ஸ்விட்ச் அல்ல, இது ஒரு பெட்டி.) எந்தச் செய்தி எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று, தபால் பிரிப்பவரைப் போல, பிரித்து அனுப்புவது அதன் வேலை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே மண்ணுக்குள் ஒரு கேபிள் ஓடுகிறது. சாக்கடை தோண்டும் கடப்பாரை அதன் மீது பட்டால் தீர்ந்தது! பரிசோதனை முடிவு டாக்டருக்குப் போய்ச் சேராது.

"இன்னொரு கேபிள் போட்டால் போச்சு" என்று தோன்றும். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

செக்கு மாடு

எல்லோருக்கும் பொதுவான அறிவிப்பு ஒன்றைப் பெட்டி அனுப்பும். அது ஒரு கேபிளில் போகும். மறு கேபிளில் திரும்பி வரும். மீண்டும் போகும், மீண்டும் வரும். செக்கு மாடு போலச் சுற்றும். இப்படிப் பல சேர்ந்துவிட்டால், வேறு செய்திக்கு இடமே இராது!

அமெரிக்காவில் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985-ம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். உபரி கேபிளைப் பெட்டிகளே அடைத்து வைக்கும். முதல் கேபிள் அறுந்தால், அடைத்ததைத் திறந்துவிடும். ஆபத்து நீங்கியது. ஆனால், காசு கொடுத்து வாங்கிய கேபிள் சும்மா கிடந்தது.

மனைவியின் பெயர்

அமெரிக்காவில் கம்பெனி தொடங்கிய இந்தியர் ஒருவர், வினோத் பரத்வாஜ். கம்பெனிக்குத் தன் மனைவியின் பெயரையே வைத்தார்: 'கல்பனா'. நாம் 'கற்பனை' என்கிறோமே, அதே சொல்தான்! பல கேபிள்களை ஒரே கேபிளாகப் பெட்டிகள் எண்ணும்படி செய்தது அந்தக் கம்பெனி. ஒன்றே என்று எண்ணுவதால் செய்தி சுற்றி வருவதில்லை. எல்லாக் கேபிளும் வேலை செய்யும். 1994-ல் கல்பனாவை சிஸ்கோ கம்பெனி வாங்கியது. 2000-ம் ஆண்டில் இந்த முறை எல்லாக் கம்பெனிப் பெட்டிகளுக்கும் பொது விதியானது.

இரண்டு கேபிள் போட்டால் இரண்டு மடங்கு வேகமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாலை இரண்டு இருப்பதால் ஒரு கார் இரட்டை வேகத்தில் ஓடுமா? ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தி, துண்டு துண்டாகப் போகிறது. துண்டுகள் முன் பின்னாக வந்து சேரக்கூடாது. அதனால் அவை எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். பலர் ஒரே சமயத்தில் அனுப்பும்போதுதான் லாபம் தெரியும்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது கேபிளை வேறு பள்ளத்தில் புதைப்பார்கள். ஒரே பள்ளம் என்றால், ஒரே கடப்பாரை இரண்டையும் அறுத்துவிடும்.