அரங்கேற்று காதையின் குழலும் சிராங்கூன் சாலைக் குழலும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் தமிழாசிரியர்கள், குழலோன் அமைதியைக் கூறும் பகுதி வந்ததும் சற்றே விரைந்து நடப்பது வழக்கம். அவ்விடத்து அடியார்க்கு நல்லார் வகுத்த உரை விரற்கணக்கும் துளைக்கணக்குமாக நிறைந்திருப்பதே இதற்குக் காரணம். தேர்வுக்கு வேண்டிய எண்களை மனப்பாடம் செய்வித்துவிட்டு மாதவியின் ஆடலுக்குச் சென்றுவிடுவர். உண்மையில் அவ்வுரை, குழலைக் கையிலெடுத்தவனுக்கு உதவும் செய்முறை நூல். குழலின்றிப் படிப்போருக்கு அது வெறுங்கணக்கு. குழலோடு படிப்போருக்கோ விளங்காத இடம் மிகச் சில.

சிங்கப்பூரில் குழலுக்குப் பஞ்சமில்லை. 1949-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், சிராங்கூன் சாலைக்கு அணித்தாகவுள்ள தன் இல்லத்தில், வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் ஆகியவற்றோடு புல்லாங்குழலையும் கற்பித்து வருகிறது. அந்நகரம் கானவினோதன் ரத்னம் போன்ற குழலிசைக் கலைஞரையும் கண்டுள்ளது. சீனர் தம் மூங்கிற்குழலாகிய 'டிசி'யையும், மலாய்க்காரர் தம் 'செருலிங்'கையும் அதே நகரில் ஊதுகின்றனர். சீனர் குழலில் ஊதுதுளைக்கும் விரல்துளைகளுக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டுவதால் வண்டு முரல்வது போன்ற அதிர்வு எழும். அகநானூற்றில் வண்டு துளைத்த மூங்கிலின் வழியே மேல்காற்று புகுந்து குழலிசை எழுப்புவதாகக் கபிலர் காட்டும் காட்சியை விளக்குவதற்கு இதனினும் பொருத்தமான கருவி அரிது.

அந்நகரின் தொடக்கப்பள்ளி இசை வகுப்புகளில் பல்லாண்டுகளாக ரெக்கார்டர் என்னும் ஞெகிழிக்குழல் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. ஆதலின் புல்லாங்குழல் கற்க வரும் பிள்ளைகளுள் பலர் ஒரு குழலை முன்னரே ஊதிப் பழகியவரே. இப்பழக்கம் பாதி உதவி, பாதி இடையூறு. ரெக்கார்டரின் வாயில், மூச்சைக் குறுகிய வழியில் செலுத்தி ஒரு கூரிய விளிம்பில் மோதச் செய்யும் அமைப்பு உண்டு. ஊதினாலே ஒலி பிறந்துவிடும். அயர்லாந்து மக்களின் தகர விசிலும் இந்த இனத்ததே. ஆறு துளை, மலிந்த விலை, எளிய தொடக்கம் என்ற மூன்றும் அதனை அந்நாட்டுக் குடிசைதோறும் கொண்டு சேர்த்தன. புல்லாங்குழலிலோ அவ்வமைப்பு இல்லை. காற்றைக் குவிப்பதும் திருப்புவதும் விளிம்பில் மோதுவிப்பதும் உதட்டின் கடமை. ரெக்கார்டரில் பாட்டே வாசித்த பிள்ளை மூங்கிலை எடுத்ததும் முதல் வாரத்தில் வெறுங்காற்றையே ஊதித் தலை சுற்றி அமர்வது இதனால்தான்.

இனி உரைக்கு வருவோம். குழலின் நீளம் இருபது விரல் என்பர் உரையாசிரியர். அடைத்த முனையில் இரண்டு விரல் நீக்கி ஊதுதுளை. அதிலிருந்து ஏழு விரல் இடைவெளி. திறந்த முனையிலும் இரண்டு விரல் நீக்கம். எஞ்சிய ஒன்பது விரலில் எட்டுத் துளைகள். கூட்டிப் பார்த்தால் இருபது சரியாக வருகிறது. எட்டனுள் ஒன்றை 'முத்திரை' என்று ஒழித்து, மற்ற ஏழின்மேல் ஏழு விரல் வைத்து ஊதவேண்டும். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று. வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு. இன்று சிராங்கூன் சாலைப் பகுதியில் குழல் கற்போர் ஒருவரின் கருநாடக இசைக் குழலை வாங்கி எண்ணினால் அதே எட்டுத் துளைகள். அதே ஏழு விரல்கள். எந்த விரலும் படாமல் கடைசியில் நிற்கும் அதே முத்திரை. மாணவர் "இத்துளை எதற்கு?" என்று கேட்பது உறுதி. ஒலிக்கும் காற்றுத்தம்பம் அங்கே முடிவதால், குழலின் சுருதியை நிறுத்துவதில் அதற்குப் பங்குண்டு.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று குழலின் துளைகளில் ஒளிந்திருக்கிறது. முதலிரு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜம், அதாவது பழந்தமிழர் கூறிய குரல். அவ்விடத்திலிருந்து துளைகளை ஒவ்வொன்றாக மூடியும் திறந்தும் வாசித்தால், இயல்பாகக் கிடைப்பது அரிகாம்போதியின் சுரங்கள். செம்பாலை என்று பண்டையோர் வழங்கியது இந்த அரிகாம்போதியே என்பது இசைத்தமிழ் ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால் இன்று எந்த இசை வகுப்பிலும் சரளி வரிசை தொடங்குவது மாயாமாளவகௌளையில். குரலுக்கும் வீணைக்கும் அது நன்று. குழல் கற்பவனுக்கோ ரிஷபம், தைவதம் முதலியவற்றுக்குத் துளையைப் பாதி மூடவேண்டிய தொல்லை முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. ஒலியே நிலைபெறாத நிலையில் பாதித் துளை கேட்பது, எழுத்துக் கூட்டத் தெரியாதவனிடம் யாப்பு கேட்பது போல்வது. செம்பாலையில் சில வாரம் பழகவிட்டுப் பின்னர் மாயாமாளவகௌளைக்குச் செல்வதே குழலின் இயல்புக்கு ஒத்த முறை.

பாதித்துளைப் பயிற்சி பின்னர் தவிர்க்க முடியாதது. கமகத்தின் உயிர் அங்கேதான் உள்ளது. குடந்தைச் சரப சாஸ்திரியார் (1872–1904) குழலைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அம்மரபை வளர்த்தார். 'மாலி' எனப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரல் வைக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் வளைவுகளைக் குழலில் கொணர்ந்தார். அவர் வழிவந்த திருவாரூர் என். இரமணி (1934–2015) அதனை உலகெங்கும் கொண்டு சென்றார். துளையைச் சிறிது சிறிதாகத் திறந்து சுரத்தை வழுக்கும் வித்தையை அயர்லாந்துக் குழலோரும் அறிவர். 1847-இல் செருமானியர் பேம் உலோகச் சாவிகளோடு புதுக்குழல் சமைத்தபின், ஐரோப்பிய இசைக்குழுவினர் கைவிட்ட பழைய மரக்குழல்கள் மலிவாக அயர்லாந்து சேர்ந்தன. சாவியில்லாத துளையின்மேல் விரலின் சதையே நேராகப் படுவதால்தான் அவ்வழுக்கல் கைகூடிற்று. கமகத்தைப் படம் வரைந்த விரல் அட்டவணையால் கற்க இயலாது. ஆசிரியர் ஊத, மாணவர் கேட்டுத் திருப்பி ஊதவேண்டும்.

குழலுக்கு மூங்கிலை உத்தமம் என்றும் வெண்கலத்தை மத்திமம் என்றும் சொல்லும் உரை, வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, திருகலும் பிளப்பும் இல்லையெனக் கண்டு, ஓராண்டு கழித்தே குழல் செய்யச் சொல்கிறது. சிங்கப்பூர்வாசி இவ்வரியை ஊன்றிப் படிக்கவேண்டும். ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த அந்நாட்டில் உறையில் அடைத்த மூங்கில் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதன அறையில் நாள் முழுதும் கிடந்தால் உலர்ந்து வெடிக்கும். ஊதியபின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, அவ்வப்போது சிறிது எண்ணெய் தடவி வைப்பது இரண்டுக்கும் மருந்து. சுருதியும் காலநிலைக்குக் கட்டுப்பட்டது. இருபத்து மூன்று பாகை வெப்பமுள்ள வகுப்பறையிலிருந்து முப்பத்தொரு பாகையுள்ள வீவக கீழ்த்தளத்துக்கு வந்தால், காற்றின் கணக்குப்படி ஒலி அரைச்சுரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு உயரும். மின் தம்பூராவோ அசையாது. வகுப்பில் இசைந்த குழல் வெளியே இசையாததைக் கண்டு மூங்கிலைப் பழிக்கும் மாணவர் உண்டு. ஊதுதுளையைச் சற்று உட்புறமாகத் திருப்பினால் ஒலி தாழ்ந்து தம்பூராவோடு சேரும். அந்த அளவை மாணவரின் செவிதான் சொல்லவேண்டும்.