ஜலமண்டலிக்கு ஏன் நஷ்டம்? சந்தேகங்களும் விளக்கங்களும்

பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம், அதாவது நம் ஜலமண்டலி, 2014க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் கட்டணத்தை உயர்த்தியது. அதையொட்டி மக்கள் கேட்கும் கேள்விகள் சில.

மாதம் தவறாமல் பில் கட்டுகிறோம். பிறகு எப்படி நஷ்டம்?

கட்டணத்தை உயர்த்தியபோது சொல்லப்பட்ட கணக்கு இது: மாதச் செலவு சுமார் 200 கோடி ரூபாய், வரவு 120 கோடி. மாதம் 80 கோடி துண்டு விழுந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி.

காவிரி நகரத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, சுமார் அரை கிலோமீட்டர் தாழ்வில் ஓடுகிறது. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் பம்ப் செய்துதான் தண்ணீரை மேலேற்றுகிறார்கள். 2014க்குப் பிறகு மின்செலவு இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்கிறது வாரியம். தண்ணீர்க் கட்டணமோ பத்தாண்டுகள் அசையவே இல்லை.

கட்டணம் குறைவாக இருப்பது ஏழைகளுக்கு நல்லதுதானே?

குழாய் இருக்கும் ஏழைக்கு நல்லது. பழைய கட்டணத்தில் முதல் 8,000 லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். 2024 மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணீர் விலைக்கு உச்சவரம்பு வைத்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய் ஆகிறது! குழாய் வராத புறநகர்க் குடும்பம் பதினான்கு மடங்கு கொடுத்தது. கையில் காசில்லாத வாரியத்தால் அந்தத் தெருவுக்குச் சீக்கிரம் குழாய் போட முடியாது. மலிவு விலையின் சுமையைச் சுமந்தவர்கள் இவர்கள்தான். 2025 உயர்வில் முதல் 8,000 லிட்டருக்குக் கூடியது லிட்டருக்கு 0.15 பைசா, மாதம் 12 ரூபாய். இது நியாயமான உயர்வு என்றே நினைக்கிறேன்.

4,336 கோடியில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் கட்டினார்களே, நஷ்டம் அதனாலா?

இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டம் கணக்கில் சொத்தாக நிற்கும். ஆண்டு வரவு செலவில் வருவது தேய்மானமும் கடன் வட்டியும்தான். ஆனால் நாளொன்றுக்குக் கூடுதலாக 77.5 கோடி லிட்டர் ஏற்ற வேண்டும் என்பதால் கரண்ட் பில் கூடும்.

அப்படியானால் கட்டணத்தை உயர்த்தினால் போதுமா?

போதாது. ஏற்றிய நீரில் கால் பங்குக்கு மேல் பில்லுக்கே வருவதில்லை. பழைய குழாய்களில் ஒழுகுகிறது, திருட்டு இணைப்புகளில் போகிறது, ஓடாத மீட்டர்களில் மறைகிறது. நூறு கிலோமீட்டர் தூரம் மின்சாரம் செலவழித்துக் கொண்டுவந்து நிலத்தில் விட்ட நீருக்கும் சேர்த்துத்தான் பில் கட்டுபவர் பணம் தருகிறார். ஒழுகலை அடைக்காமல் விலையை மட்டும் ஏற்றுவது, ஒழுங்காகக் கட்டுபவரைத் தண்டிப்பதாகும்.

வருமானம் கூடியது என்று செய்தி வந்தால் நிலைமை தேறிவிட்டது என்று கொள்ளலாமா?

இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய அடுக்குமாடிகள் இணைப்புக்காகக் கட்டும் தொகை ஒருமுறை வருவது. கட்டுமானம் மந்தமானால் அது நின்றுவிடும். அடுத்தது, பில் போட்ட தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் உள்ள இடைவெளி. அரசு அலுவலகங்கள் வைக்கும் பாக்கியும் புத்தகத்தில் வருமானமாகவே நிற்கும். அதை வைத்து மின்வாரியத்துக்குப் பணம் கட்ட முடியாது. இனி ஆண்டுதோறும் ஏப்ரலில் 3 சதவீதம் கட்டணம் கூடும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த அறிவிப்போடு, அவ்வாண்டு பில்லுக்கு வராத நீர் எவ்வளவு, வசூலாகாத பாக்கி எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் வெளியிடச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.