மலையைப் பார்க்கும் வானத்துக் கண்

திருவண்ணாமலையில் கிரிவலம் வரப் பதினான்கு கிலோ மீட்டர் நடக்க வேண்டும். சில மணி நேரமாகும். வானத்தில் ஓடும் செயற்கைக் கோளோ மலை முழுவதையும் சில நொடியில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது!

தொடாமலே பூமியை அறியும் இந்த வித்தைக்குத் 'தொலையுணர்வு' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பச்சை இலை நிறையத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் விழுங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒளியில் எடுத்த படத்தில் தழைத்த மரம் பளிச்சென்றும், ஏரி கறுப்பாகவும் தெரியும்.

1970-ல் விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடி, ஹெலிகாப்டரிலிருந்து இப்படிப் படமெடுத்துக் கேரளத் தென்னைகளின் வாடல் நோயை ஆராய்ந்தார். நம் நாட்டில் இக்கலைக்கு அதுவே பிள்ளையார் சுழி. 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ். 1ஏ விண்ணில் ஏறியது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? 2024 டிசம்பர் 1-ம் தேதி, பெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

மேகம் மறைத்தால் சாதாரணக் காமிராவுக்கு ஒன்றும் தெரியாது. ரேடாருக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற 'நிசார்', ஒரே இடத்தைப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை பார்த்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுகொள்ளக் கூடியது.

ஆனாலும் திடீர் மழையில் மலை எந்த நேரத்தில் சரியும் என்று அது சொல்லாது. எந்தச் சரிவு ஆபத்தானது என்று அறியத்தான் உதவும். அறிந்த பிறகு அங்கே வீடு கட்டாமலிருப்பது மனிதன் பொறுப்பல்லவா?