மாடியில் தேன், கீழே மழலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் பால்கோவா வாங்காமல் திரும்புவதில்லை. இராஜபாளையம் என்றால் மாம்பழம். இவ்விரண்டு ஊர்களுக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் கிடைக்கும் மூன்றாவது தித்திப்பு ஒன்று உண்டு. அதுதான் தேன்!

பாறை முகடுகளில் கூடு கட்டுவது மலைத்தேனீ. பெரியது, முன்கோபி! அது பெட்டியில் தங்காது. செண்பகத்தோப்பை ஒட்டிய மலைகளில் வாழும் பளியர்கள் அந்தத் தேனை எடுப்பதில் பரம்பரைத் தேர்ச்சி பெற்றவர்கள். 2021-ல் புலிகள் காப்பகமாகிவிட்ட அந்தக் காட்டில் மற்றவர்கள் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது.

தோப்பில் வளர்க்க ஏற்றது மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் குடியிருக்கும் இந்தியத் தேனீ. அந்தப் பொந்துக்குப் பதிலாக மனிதன் செய்து கொடுத்த வீடுதான் தேன்பெட்டி. 1911 முதல் 1917 வரை திருச்சிப் பக்கத்துக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார் பாதிரியார் நியூட்டன். அவர் அமைத்த பெட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பெட்டிக்கு இரண்டு தளங்கள். கீழே ராணி முட்டையிடுவாள், குஞ்சுகள் வளரும். மாடியில் தேன் சேரும். பொந்தில் கைவிட்டு அடையைப் பிழிந்தால் தேனோடு குஞ்சுகளும் நசுங்கும். பெட்டியிலோ, மாடிச் சட்டங்களை மட்டும் எடுத்து, அடையின் மெழுகு மூடியைச் சீவி, இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் போதும். தேன் தெறித்து இறங்கிவிடும். அடையும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது!

அவசரம் மட்டும் கூடாது. பூவிலிருந்து வரும் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். தேனீக்கள் சிறகால் விசிறி அதை வற்றவைத்து, பக்குவம் வந்ததும் மெழுகால் மூடுகின்றன. அதற்குமுன் எடுத்த தேன் புளித்துப்போகும். பெட்டிக்கு நிழல் வேண்டும். அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பூ இல்லாத நாட்களில் சர்க்கரைப் பாகும் வைக்கவேண்டும்.

1991-ல் பரவிய ஒரு வைரஸ் நோய், தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. எஞ்சியவை மெல்லத் தழைத்து வந்தன. பூக்கும் காலத்தில் மருந்து தெளிக்காமல் இருப்பது தோப்புக்காரர்கள் அவற்றுக்குச் செய்யும் பேருபகாரம். மகரந்தம் சேர்த்துத் தோப்புக்குக் காய் தருவதும் தேனீதானே!

இனி, இல்லத்தரசிகளுக்கு இரண்டு வார்த்தை. தேன் உறைந்துவிட்டால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதும், திரியில் நனைத்துக் கொளுத்துவதும் நம்பத்தக்க சோதனைகள் அல்ல.

இன்னொன்று, பாட்டிமார் கோபிக்கலாகாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது வழக்கம்தான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பெரியவர்களை ஒன்றும் செய்யாவிட்டாலும், பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். ஒரு வயது நிறையும்வரை ஒரு துளித் தேனும் வேண்டாம்.

தேனீயைத்தான் பாருங்களேன்! மாடி நிறையத் தேன் இருந்தும், தன் குஞ்சுகளுக்கு முதல் மூன்று நாட்கள் அது தேன் ஊட்டுவதில்லை. செவிலித் தேனீக்கள் சுரந்து தரும் பாலைத்தான் ஊட்டுகிறது.