பட்டறைக்குள் வந்த கலைஞன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்னை மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் நேரிலோ படத்திலோ பார்த்திருப்போம். நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்த அந்தச் சிலை 1959-ஆம் ஆண்டு முதல் அங்கே நிற்கிறது. உழைப்பவனைக் கலைஞன் எவ்வளவு உயர்வாகப் பார்க்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். கலைஞன் உழைப்பாளியைச் சிலையாக வடித்தான், சரி. அதே கலைஞன் உழைப்பாளி வேலை செய்யும் இடத்திற்கே வந்து, அவனோடு சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும்? தொழிலுக்கு நன்மை உண்டா? தொழிலாளிக்கு உண்டா? அல்லது இருவர் வேலையும் கெடுவதுதான் மிச்சமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. உலகில் சில இடங்களில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

வெளியே ஒரு கலைஞன்

தொழில் நிறுவனங்கள் கலைஞனை அழைப்பது புதிதல்ல. பொருள் செய்து முடிந்தபின் அதன்மேல் பூவேலை செய்யவும், விளம்பரத்திற்குப் படம் வரையவும், காலண்டர் தீட்டவும் அழைப்பார்கள். அந்த வழக்கத்தை ஒரு படி மேலே கொண்டு சென்றது ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. என்னும் மின்சாரக் கம்பெனி. அது 1907-இல் பீட்டர் பெஹ்ரன்ஸ் என்பவரைத் தன் கலை ஆலோசகராக நியமித்தது. அவர் ஓவியராகத் தொடங்கியவர். கம்பெனியின் விளக்கு, மின்சாரக் கெட்டில், விளம்பரத்தாள், எழுத்து வடிவம் ஆகியவற்றோடு, பெர்லின் நகரில் 1909-இல் எழுந்த டர்பைன் தொழிற்சாலைக் கட்டடத்தையும் அவரே வடிவமைத்தார். செய்து முடித்த பொருளுக்கு அழகு பூசுவது வேறு, பொருளை எண்ணும்போதே அழகையும் சேர்த்து எண்ணுவது வேறு என்பதை அவர் காட்டினார்.

இதனால் கம்பெனிக்கு நன்மைதான். ஆனால் அந்தக் கெட்டிலைச் செய்த தொழிலாளியின் வாழ்வில் இதனால் என்ன மாறியது? வரைபடம் மேலிருந்து வந்தது, கை கீழே வேலை செய்தது. இருவரும் சந்திக்கவில்லை. அப்படிச் சந்தித்த இரண்டு கதைகளை இனிக் கூறுகிறேன்.

பொறியாளரும் டென்னிஸ் மட்டையும்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தை இயற்பியல் மாணவர்கள் அறிவர். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. அங்கே பணியாற்றிய பில்லி க்ளூவர் என்ற பொறியாளரும் ராபர்ட் ரௌஷன்பர்க் என்ற ஓவியரும் சேர்ந்து, 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது இரவுகள் கலை நிகழ்ச்சி நடத்தினார்கள். பத்துக் கலைஞர்களும் ஏறத்தாழ முப்பது பொறியாளர்களும் மாதக் கணக்கில் சேர்ந்து அதற்காக உழைத்தனர்.

அதில் ரௌஷன்பர்க் வைத்த நிகழ்ச்சி ஒரு டென்னிஸ் ஆட்டம். மட்டையின் கைப்பிடிக்குள் ஒரு சிறிய எஃப்.எம். ஒலிபரப்பியைப் பொறியாளர்கள் பொருத்தினார்கள். பந்து மட்டையில் படும் அதிர்வு, அரங்கம் முழுவதும் மணியோசை போல ஒலித்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு விளக்கு அணைந்தது. கடைசியில் முழு இருட்டு. அந்த இருட்டில் நூற்றுக்கணக்கான மக்கள் வந்து நிற்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் அவர்களைப் படம் பிடித்துத் திரையில் காட்டினார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கைப்பிடிக்குள் அடங்க வேண்டும், அடி தாங்க வேண்டும், ஆடுபவரின் கையை உறுத்தக்கூடாது: இத்தனை நிபந்தனைகளோடு ஒலிபரப்பி செய்யும்படி அந்தப் பொறியாளர்களிடம் அதுவரை யார் கேட்டிருப்பார்கள்? கேள்வி புதிதானால் விடையும் புதிதாகத்தான் வேண்டும். நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைகளுக்கு விடை முன்பே புத்தகத்தில் இருக்கிறது. கலைஞன் கொண்டுவரும் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. கம்பெனிக்கு அவனால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான் என்பேன்.

வார்ப்படத் தொழிற்சாலையில் கலைஞர்கள்

இரண்டாவது கதை கோலர் கம்பெனி பற்றியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1873-இல் தொடங்கிய நிறுவனம் அது. குளியல் தொட்டி, கை கழுவும் தொட்டி, குழாய் முதலியவற்றைச் செய்வது அதன் தொழில். 1974-ஆம் ஆண்டு முதல், அருகே ஷெபாய்கன் நகரில் உள்ள கலை மையத்தின் ஏற்பாட்டில், அத்தொழிற்சாலைக்குள் கலைஞர்கள் வந்து மாதக் கணக்கில் தங்கி வேலை செய்யும் திட்டம் தொடங்கியது. அன்று முதல் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அங்கே பணியாற்றியிருக்கிறார்கள்.

அவர்கள் தனி அறையில் அமர்ந்து படம் வரைவதில்லை. பீங்கான் பகுதியிலும் வார்ப்படப் பகுதியிலும் தொழிலாளர்களுக்கு நடுவிலேயே அவர்களுக்கு இடம் உண்டு. மூலப்பொருளைக் கம்பெனி கொடுக்கிறது. ஆனால் தொழில் நுணுக்கத்தை யாரிடம் கற்பது? கூழ் போன்ற களிமண் கலவையைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, சுவரோரமாகக் களிமண் படிந்து கெட்டியாகும். எவ்வளவு நேரம் விட்டால் எவ்வளவு கனம் வரும், மிச்சத்தை எப்போது வெளியே கொட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கே நாள்தோறும் வேலை செய்பவருக்குத்தான் கைவந்த கலை. பெயர் பெற்ற சிற்பியும் அவர் முன் மாணவனாக நிற்க வேண்டியதுதான்.

என் வீட்டிலிருந்து ஒரு சான்று

இந்தக் கதை என்னை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா கோவையில் ஒரு பவுண்டரியில் மோல்டராக வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாள்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்த வேலையைக் கவனித்திருக்கிறேன்.

மோல்டிங் மணலை ஒரு பிடி அள்ளி இறுக்குவார். பிறகு அந்தப் பிடியை இரண்டாக உடைப்பார். உடைந்த இடம் உதிராமல் நேராக நின்றால் ஈரம் சரி. கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். ஈரம் அதிகமானால் என்ன? உருகிய வார்ப்பிரும்பின் வெப்பம் 1,300 டிகிரி செல்சியசுக்கும் மேல். நீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாத ஆவி இரும்புக்குள்ளேயே குமிழியாகத் தங்க, காஸ்டிங் வீணாகும். இதை நான் வகுப்பில் வாய்பாடாகப் படித்தேன். அவர் உள்ளங்கையால் படித்திருக்கிறார். எனினும் இந்த முப்பது ஆண்டுகளில் "இது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று அவரிடம் கேட்டவர் எவரும் இல்லை. இன்று எத்தனை அச்சு முடிந்தது என்பது மட்டுமே கேள்வி.

கோலர் கதையை ஓரிரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். ஒரு சிற்பி இரும்பில் மனித உருவம் வார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "கை மெல்லிசு, உடம்பு தடிப்பு. கை முன்னாடியே உறைஞ்சிரும், உடம்பு பின்னாடி சுருங்கும், உள்ளே ஓட்டை விழும். ரைசரை எங்கே வெக்கோணும்னு அந்த ஆளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "அங்கே வேலை செய்யறவங்கதானுங்கப்பா" என்றேன். "அப்பச் சரி" என்றார். பிறகு வெகுநேரம் அந்த உருவத்தை எப்படி வார்க்கலாம் என்று தட்டின் ஓரத்தில் விரலால் வரைந்துகொண்டிருந்தார்.

தொழிலாளிக்குக் கிடைக்கும் நன்மையை இதைவிட விளக்க எனக்குத் தெரியவில்லை. தினமும் ஒரே பம்பு உறையை வார்க்கும் கைக்கு, தனக்கு இன்னும் எவ்வளவு தெரியும் என்பது மறந்துபோகிறது. வேறொரு வடிவம் வந்து கேட்கும்போது அது விழித்துக்கொள்கிறது. கற்றுக்கொடுப்பவன் என்ற மதிப்பு வருகிறது. அப்படி விழித்த கை நாளைக்குப் பம்பு உறையிலும் குறை கண்டு சொல்லும். அதுவே கம்பெனிக்கு இரண்டாவது நன்மை.

எச்சரிக்கை இரண்டு

நன்மையை மட்டும் சொல்லி முடித்தால் அது விளம்பரமாகிவிடும். க்ளூவர் குழுவினர் 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி கம்பெனிக்கு ஓர் அரங்கம் அமைத்தார்கள். செயற்கை மூடுபனி சூழ்ந்த அற்புத அரங்கம். ஆனால் உள்ளே நிகழ்ச்சி நடத்தும் செலவு பற்றித் தகராறு எழுந்து, கம்பெனி பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. யாருக்கு எவ்வளவு உரிமை, எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாத கூட்டு நிலைக்காது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

மற்றது இதைவிட முக்கியம். கலைஞர்களை வரவேற்ற அதே கோலர் கம்பெனியில்தான் 1954 முதல் 1960 வரை அமெரிக்க வரலாற்றின் மிக நீண்ட வேலைநிறுத்தங்களுள் ஒன்று நடந்தது. கலை ஒருநாளும் கூலிக்கு ஈடாகாது. நியாயமான சம்பளமும் பாதுகாப்பும் கொடுக்காமல் சுவரில் ஓவியம் மாட்டுவது, பசித்தவனுக்குப் பூமாலை போடுவது போன்றது. சம்பளம் வயிற்றுக்கு, மதிப்பு மனத்துக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கலாகாது.

நம்மால் முடியுமா?

முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அந்தப் பள்ளியில்தான் 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அது வளர்ந்து தனி வியாபாரமாகவே ஆயிற்று. கலைப் பள்ளியின் பட்டறையிலிருந்து அடுப்படிக்குப் பாத்திரம் வந்த நாடு இது.

கோவையில் பவுண்டரிகள் பல உள்ளன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சிற்பம் பயிலும் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு ஒரு மாதம் ஒரு பவுண்டரியில் வந்து இருக்கட்டும். அவருக்குச் சோறும் இடமும் உதவித்தொகையும் கிடைக்கட்டும். கற்றுக்கொடுக்கும் தொழிலாளிக்கு அந்த நேரத்துக்குரிய கூலி குறையாமல் இருக்கட்டும். ஒரு கியூபோலாவின் ஒருநாள் உருக்கில் ஒரு சிலைக்கு வேண்டிய இரும்பு பெரிய பங்கு ஆகிவிடாது.

இன்னொரு நிபந்தனையும் வேண்டும். வார்த்து முடித்த சிலையின் பீடத்தில் வடித்தவர் பெயரோடு, அச்செடுத்தவர் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். மணலில் எழுத்தைத் திருப்பி வெட்டினால் இரும்பில் அது நேராக விழும். அந்த வேலையை எந்த மோல்டருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.